இரண்டு நிமிட வேலை

ஹலோ... ஹலோ, யாரு பேசறது? இது வுகொமான் அண்ணன் நம்பராச்சே... அண்ணியா? அட ஆண்டவரே... இல்ல, ஒண்ணுமில்ல. அவரு போய் இன்னியோட நாப்பது நாள். திரையில பேரு வந்ததும் ஸ்பானரைப் போட்டுட்டு ஓடி வந்து எடுத்தேன்... உங்க போன்ல சார்ஜ் இல்லியா. சரி, சரி. சொல்லுங்க.

வண்டி நின்னுடுச்சா... எது, அண்ணனோட அந்தச் செவப்புத் தகர டப்பா காரா? மழையில அதை எதுக்கு அண்ணி எடுத்தீங்க... ஆமா... ஆமா, சனிக்கிழமை பஸ் கிடையாதுதான். கல்லறையில ஜெபம் எத்தனை மணிக்கு?... பதினொண்ணுக்கா. இப்பவே பத்தேகால். பாதிரியார் நிக்க மாட்டாரு, அவருக்கு இன்னிக்கு இன்னும் ரெண்டு ஊர்ல நாப்பதாம் நாள் இருக்கும்.

நானா?... இங்க வால்யேவோ டவுன்லேருந்து அங்க வர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்... இல்ல, நான் வரதாவே இல்ல அண்ணி. பட்டறைல வேலை... கல்லறைல படைக்கக் கோதுமையெல்லாம் வேகவச்சீங்களா... ம். நீங்க என்னை முழுப்பேரு சொல்லி ரதிசாவ்னு கூப்பிட்டாலே கோவம்னு தெரியும். அப்புறம் திட்டுங்க. முதல்ல வண்டியக் கெளப்புவோம்.

எந்த இடம்?... மேட்டுலயா. சுண்ணாம்புச் சூளை திருப்பமா... அதே இடத்துலயா.

...தெரியும் அண்ணி. மழையில அண்ணன் இதை ஒத்தை ஆளாத் தள்ளி, நெஞ்சைப் புடிச்சிட்டு விழுந்த இடம்னு தெரியும். அழாதீங்க... சரி, அழுங்க. அழுதுட்டே செய்யுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு வைங்க. கை பிரேக் போட்டாச்சா... ம். சாவியைத் திருப்புங்க, சத்தம் கேக்கறேன்.

...போதும், போதும். இன்ஜின் நல்லாத்தான் சுத்துது, பாட்டரி சுகமா இருக்கு. பெட்ரோல் வாடை அடிக்குதா?... அப்ப பெட்ரோலும் போகுது. அதைப் பத்த வைக்கற பொறிதான் வரல. வெயில்ல குதிரை மாதிரி ஓடும், தூறல் விழுந்தா இருமும், மேடு வந்தா படுத்துக்கும். அப்படித்தானே?... ஆமா... ஆமா, சொன்னேன்ல. சாவிய எடுத்துட்டு பானெட்டைத் திறங்க.

இடது பக்கம் கறுப்பா ஒரு மூடி. தலையிலேருந்து அஞ்சு தடிச்ச வயரு கிளம்பும்... இல்ல, அது எண்ணெய் ஊத்தற மூடி. அதுக்குக் கீழ... அதேதான். ரெண்டு பக்கமும் கிளிப் இருக்கும், நெம்பி விடுங்க. வயரைப் புடுங்காதீங்க, மூடிய மட்டும் தூக்குங்க. கோட்டைத் தலைக்கு மேல போட்டுக்குங்க, உள்ள சொட்டக் கூடாது.

வேர்த்திருக்கா?... சமையக்கட்டு ஜன்னல் மாதிரியா. அதான் நோவு. தண்ணி கோத்துகிட்டா பொறி வழி தவறிடும். காஞ்ச துணி இருக்கா?... யாருது, அண்ணன் சட்டையா. தானம் குடுக்க எடுத்து வச்சதா... பரவால்ல, அதுலயே துடைங்க. அவரு கிரீஸ் துடைக்காத சட்டைன்னு ஒண்ணு உண்டா... சிரிக்கறீங்களா, அழறீங்களா?

கல்லறைல ஊத்த பிளம் சாராயம் எடுத்துட்டு வந்திருப்பீங்களே... நல்ல ஸ்ட்ராங்கா? அதுதான் வேணும். சட்டை முனையில நனைச்சு உள்பக்கம் தேயுங்க, ஈரத்தை இழுத்துகிட்டு ஆவியாயிடும்... கோவிச்சுக்க மாட்டாரு. அப்பாவோட சாராயம் காய்ச்சற கொப்பரைல வடிச்சதுதானே... இல்ல அண்ணி, குத்திக் காட்டல. அந்தக் கொப்பரைய நீயே வச்சுக்கோன்னு அண்ணன்கிட்ட ஆறு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். ஒரு செம்புப் பானைக்காக அண்ணன் தம்பி பேசாம கிடந்தோம்.

வாடை போகட்டும். அதுக்குள்ள சாவி போட்டா பத்திக்கும். கொஞ்சம் பொறுங்க.

...என்ன கேட்டீங்க?... அண்ணன் விழுந்த அன்னிக்கா. அன்னிக்கு நான் வண்டிக்கு அடியில கிடந்தேன்னு அப்பவே சொன்னேனே. கையெல்லாம் கிரீஸு, போன் மணி அடிச்சதே கேக்கல...

...மூணு தடவை கூப்பிட்டிருக்காரா.

...ஆமா. உங்க கையில இருக்கறது அவரு போன். அதுல பதிவாயிருக்கும்தான்.

பாத்தேன் அண்ணி. மூணு தடவையும் பாத்தேன். வண்டிக்கு அடியிலயும் இல்ல, ஒண்ணுமில்ல. காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பிளம் காய்ச்சற வாரம்... கொப்பரையச் சொல்லி சீண்டத்தான் கூப்பிடறாருன்னு நெனச்சேன். போனைக் கவுத்து வச்சேன்... ஆமா, வீம்பு. ஆமா. வேற மெக்கானிக் எவனையும் அவரு வண்டியத் தொட விட மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா. தெரியும்.

...எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பேனா?

...இதேதான் அண்ணி. மூடியத் தூக்குண்ணே, துடை, மூடு. ரெண்டு நிமிஷ வேலை.

...அண்ணி?... இருக்கீங்களா...

...சரி. மூடியப் போடுங்க. கிளிப் ரெண்டும் டக்குனு விழணும்... கேட்டுது. பானெட்டைச் சாத்திட்டு உள்ள உக்காருங்க. சாவி...

...புடிச்சிடுச்சு. கேக்குது, கேக்குது. அணைச்சிடாதீங்க. ரெண்டாவது கியர்லயே மேட்டை ஏறுங்க... அண்ணி, நான் கல்லறைக்கு வரலாமா, வேணாமா, அதையாவது... அண்ணி?

...சரி, பேச வேணாம். வைக்காதீங்க. போனைப் பக்கத்து சீட்டுல போட்டுடுங்க. மேடு ஏறற வரைக்கும் நான் கேட்டுகிட்டு இருக்கேன்.

...ம்...

...வண்டி இருமல. இருமல, நல்லா இழுக்குது...

...மூணாவது கியர் போட்டாச்சு. அப்ப சமதரைக்கு வந்தாச்சு... ஏறிட்டீங்க அண்ணி, ஏறி... ஹலோ? வச்சுட்டீங்களா?

...ஹலோ...