ரங்கூன் காது

கிராமபோன் ஊசியை ஒரு பக்கத்துக்கு மேல் பாவிக்கக் கூடாது, ஐயா. உள்ளே வரும்போது உங்கள் விறாந்தையில் ஒரு கிராமபோன் இருப்பதைக் கண்டேன், அதனால் சொல்கிறேன். தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிட வேண்டும். ஊசியில் மிச்சம் பிடிக்கப் போனால் தட்டுத்தான் தேயும்.

நான் வந்த காரியம் வேறு. மல்லாகம் தில்லைநாதர் ரெயிலில் அடிபட்டு இறந்ததைப் பற்றி நீங்கள் விசாரணை நடத்தி, நேற்று அறிக்கை எழுதி முடித்திருக்கிறீர்கள். தற்செயல் மரணம், காரணம் முதுமையால் வந்த காது மந்தம் என்று அதில் இருக்கிறதாம். அது பிழை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. போன வருடம் மார்கழி வரை யாழ்ப்பாணத்திலேயே அவருடைய காதைப் போல இன்னொரு காது கிடையாது. தட்டுச் சேர்க்கிறவன் பிழையான லேபல் ஒட்டிய தட்டைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான். அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் வந்தேன்.

என் பெயர் சீவரத்தினம். மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் டிறசராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, டாக்குத்தர் துரை இல்லாத நாளில் அவருடைய வேலையையும் பார்ப்பது. திரும்பி வந்து பண்டத்தரிப்பில் ஒரு சின்ன மருந்துச்சாலை வைத்தேன். தில்லைநாதரும் மலாயாவில் இருந்தவர்தான், அங்கே ரெயில்வேயில் கார்ட். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். அமெரிக்கக் கறுப்பர்கள் வாசிக்கும் ஜாஸ்.

இங்கே வந்த பிறகு அந்தப் பைத்தியத்துக்கு இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் சுன்னாகம் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் யாகோப்பு மாஸ்டர், இங்கிலீசு படிப்பிக்கிறவர். மற்றவர் சுருட்டு வியாபாரி ஆழ்வாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் வேதக்கோயிலில் இருந்து வந்து சாப்பிட்டு முடிய, அவருடைய வீட்டில் கூடுவோம். புதுத் தட்டுக் கொண்டு வருகிறவர் முதலில் லேபலைக் காட்ட வேண்டும், பிறகு போட வேண்டும். தட்டு ஓடும்போது வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் சட்டம்.

தட்டு ஓடாத நேரத்தில் வாய் மூடியிருந்ததே கிடையாது. "கிளாரினெற் என்ன காணும், மூக்காலை அழுகிற பிள்ளை. ட்ரம்பெற் எண்டால் எங்கடை நாதசுரம் மாதிரி, நெஞ்சாலை வரும்" என்பார் ஆழ்வாப்பிள்ளை.

"உமக்கு ஊதுறதெல்லாம் நாதசுரம். உம்மடை காதுக்கை சுருட்டுப் புகை அடைச்சுப் போச்சுது" என்பார் தில்லைநாதர்.

வெள்ளைக்காரர் வாசிக்கும் ஜாஸ் என்றால் தில்லைநாதர் முகம் சுளிப்பார். "வெள்ளைக்காரன்ரை பாண்டிலும் நல்லது இருக்குது, தில்லையர்" என்று மாஸ்டர் சமாதானம் பேசுவார்.

"இருக்குது, மாஸ்டர். உப்பில்லாத கஞ்சியிலும் சோறு இருக்குதுதானே."

இப்படித்தான் அவர் பேச்சு. அவர் சொன்னால் அதுதான் முடிவு. இரண்டாவது காது என்னுடையது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதாக இருப்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை.

போன வருடம் ஆவணியில் அவர் ஒரு தட்டுக் கொண்டு வந்தார். லேபலைக் காட்டினார். நியூ ஓர்லியன்ஸ், கிங் பெர்டூ என்பவரின் ட்ரம்பெற். அந்தத் தட்டுக்காக நான் இரண்டு வருடமாகச் சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியும். தட்டு ஓடியது. என் முறை வந்ததும் நான் பேசினேன். நெடுநேரம் பேசினேன். அடிமைப்பட்ட சனத்தின் துக்கம் அந்த மூச்சில் எப்படி வருகிறது, அந்த ஊரில் பிறக்காதவனால் ஏன் அப்படி ஊத முடியாது என்றெல்லாம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

நான் முடிக்கும் வரை பொறுத்திருந்து, தில்லைநாதர் அந்த லேபலின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். அடியில் இருந்த லேபல் ரங்கூனில் ஏதோ ஒரு ஹோட்டல் பாண்டு.

"டிறசர், உம்மடை நியூ ஓர்லியன்ஸ்காரன் ரங்கூனிலை சோறும் கறியும் தின்னுற கோவாக்காரன் காணும்" என்றார்.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்தார். ஆழ்வாப்பிள்ளை நிலத்தில் கையூன்றிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான்.

ஆனால் ஆழ்வாப்பிள்ளை சுருட்டுக்கட்டோடு அந்தக் கதையையும் சந்தைக்குக் கொண்டு போய்விட்டார். இரண்டு கிழமைக்குள் நான் சுன்னாகம் சந்தைக்குள் காலெடுத்து வைத்தால் வெங்காயக்காரன், "ரங்கூன் காது வாறார், வழி விடுங்கோ" என்று சொல்லத் தொடங்கினான். அவனுக்கு ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாது. வயிற்று நோவோடு வந்த கிழவன் ஒருவன், "ரங்கூன் டிறசர் எண்டது நீங்கள்தானோ, தம்பி?" என்று கேட்டான். என் மனைவி இரத்தினம்மாகூட ஒருநாள் கறி பரிமாறிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று மாதம் நித்திரை வரவில்லை, அவ்வளவுதான்.

மார்கழியில் தில்லைநாதர் வன்னிக்கு வயல் பார்க்கப் போய்க் குளிர்காய்ச்சலோடு திரும்பினார். அவருடைய மனைவி பத்மாசினி அவரை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணை, உங்களை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்" என்றாள். நான் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா கொடுத்தேன். அளவாகத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் நடுக்கம் விட்டது, ஒரு கிழமையில் காய்ச்சலும் போய்விட்டது. இந்த இடம் வரை நான் செய்தது நேர்மையான வைத்தியம். அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் பார்க்கப் போனபோது, "காதுக்கை ஒரு வண்டு நிண்டு இரையுது, டிறசர்" என்று அவர் சொன்னார்.

மருந்து தெரிந்த எவனுக்கும் அந்த வண்டைத் தெரியும். அது கொயினாவின் வேலை. மருந்தை நிறுத்தினால் வண்டு போய்விடும். நிறுத்தாவிட்டால் வண்டு இருக்கும், காது போய்விடும். தோட்டத்தில் இரண்டு கூலிகளுக்கு அப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன்.

"அது காய்ச்சலின்ரை மிச்சம். கிருமி மண்ணீரலுக்கை பதுங்கியிருக்குது. மருந்தை விட்டால் திரும்ப எழும்பும்" என்றேன்.

"எவ்வளவு நாளைக்கு எடுக்க வேணும்?"

"நான் சொல்லும் வரைக்கும்."

கிழமைக்கு ஒரு போத்தல் கலந்து கொடுத்தேன். அளவு பிழைக்காமல் இருக்கப் போத்தலில் கடதாசி வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். ரெயில்வேக்காரர் அல்லவா, மணிக்கூட்டைப் பார்த்து வேளை தவறாமல் குடித்தார். அப்படிச் சொன்னபடி நடக்கும் நோயாளி எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை. கொயினா கூடினால் கண்ணுக்கும் கேடு. அதனால் கிழமைக்கு ஒரு தரம் அவருடைய கண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் மருந்து கலந்தேன். கண்ணில் எனக்கு மிகவும் கவனம். அவருக்கு லேபல் வாசிக்கக் கண் தெரிய வேண்டும்.

சனிக்கிழமைகளில் மருந்தோடு போய், அவருடைய தட்டுகளை அவருக்கே போட்டுக் காட்டி, என்ன கேட்கிறது என்று விசாரிப்பேன். நோயின் போக்கைக் குறித்துக்கொள்வது டிறசரின் பழக்கம். மாசியில் சிம்பல் தாளத்தின் சத்தம் போனது. சித்திரையில் கிளாரினெற்றின் மேற்சுரங்கள் போயின. வைகாசியில் பத்மாசினி கதைப்பதை வாயைப் பார்த்து விளங்கிக்கொள்ளத் தொடங்கினார். ஆனியில் ட்ரம்பெற் போனது. அன்றைக்கு அவர் கிராமபோன் பெட்டியின் வாய்க்குள் தலையை விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மேளம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நின்றது.

அந்த ஆனி மாதத்தில் ஒருநாள், மனைவி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிறசர், உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. உத்தியோகமும் முடிஞ்சுது. இந்தக் காது ஒண்டுதான் எனக்கு மிச்சம். மருந்து முடிய இது திரும்பி வருமோ?"

அவருக்குக் கேட்கட்டும் என்று காதுக்குக் கிட்டே போய்ப் பலமாகச் சொன்னேன். "ஓம், தில்லையர். மருந்தை மட்டும் விடாதையும்."

ஞாயிறு கூட்டத்தில் அவர் நடித்த நடிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தட்டு முடிவதை மாஸ்டரின் கையைப் பார்த்து அறிவார். தாளத்தை ஆழ்வாப்பிள்ளையின் பெருவிரலைப் பார்த்துப் பிடிப்பார். லேபலைக் கூர்ந்து வாசிப்பார். பழைய தட்டென்றால் மனப்பாடம். புதுத் தட்டென்றால், "ஊதுறான், ஆனால் அவசரப்படுறான்" என்பதுபோல ஒரு வரி. முன்பெல்லாம் அரை மணித்தியாலம் பேசுகிறவர் இப்போது ஒரு வரியோடு நிறுத்துவதை மற்ற இருவரும் முதிர்ச்சி என்று நினைத்தார்கள். காது போகப் போக அவருடைய அபிப்பிராயத்துக்கு மதிப்புக் கூடியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கலியாண வீடுகளில் போடும் சிரிப்புத் தட்டுக் கேட்டிருப்பீர்கள். பாட்டில்லை, பேச்சில்லை. ஒரு ஆணும் பெண்ணும் மூன்று நிமிடம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், கேட்கிறவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்படி ஒன்றை வாங்கினேன். பழுதான ஜாஸ் தட்டொன்றைத் தண்ணீரில் ஊற வைத்து அதன் லேபலை எடுத்து, இதில் ஒட்டினேன். நானும் சோற்றுப் பசைதான் பாவித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டு போனேன். லேபலைக் காட்டினேன். சிக்காகோவில் புதிதாக ஒலிப்பதிவு செய்த ட்ரம்பெற் என்று அதில் இருந்தது. தில்லைநாதர் வாசித்துத் தலையாட்டினார், கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். புதுத் தட்டென்றால் முதலில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்பதும், பிறகுதான் மற்றவர்களின் கையையும் விரலையும் பார்ப்பதும் அவர் வழக்கம்.

தட்டு சிரிக்கத் தொடங்கியது.

முதலில் ஆழ்வாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்தது. பகிடி என்று நினைத்துத் தில்லைநாதரைத் திரும்பிப் பார்த்தார். தில்லைநாதர் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தரம் நல்ல சங்கதி வந்ததுபோல "ஆகா" என்றார். ஆழ்வாப்பிள்ளையின் வாய் மூடிக்கொண்டது. அறையில் அந்தப் பெட்டி மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் எழுந்து போய் ஊசியைத் தூக்கினார். தாளம் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தில்லைநாதர் கண்ணைத் திறந்தார். தட்டின் நடுவில் ஊசி தூக்கியிருப்பதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தார். என் முகத்தைத்தான் கூடுதலான நேரம் பார்த்தார். நான் லேபலின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக் காட்டினேன்.

"நல்ல தட்டு" என்றார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவருடைய தட்டுப் பெட்டி கதிரைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"டிறசர், உமக்கு இது முந்தியே தெரியுமோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வைத்தியம் பாக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமோ, மாஸ்டர்" என்றேன். பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லித் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

அவர் தெருவால் போகவில்லை. தண்டவாளத்தில் இறங்கினார். கார்ட் வேலை பார்த்தவர்களுக்குத் தெரு பிடிக்காது, தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர்க் கட்டையில் அடி அளந்து நடப்பார்கள். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் சுன்னாகத்துக்கும் மல்லாகத்துக்கும் அவர் அப்படித்தான் போய் வந்தார். ஒரு மைல் தூரத்தில் வண்டி வரும்போதே தனக்குக் கேட்டுவிடும் என்று பத்மாசினிக்குச் சொல்லி வைத்திருந்தார். கேட்டதும் உண்மைதான். கேட்டு ஓரமாக இறங்கிப் பழகிய மனிதன் திரும்பிப் பார்க்கப் பழகவில்லை. காது போன பிறகும் கால் அந்தப் பழைய வழியைத்தான் நம்பியது.

யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து பின்னேர வண்டி வந்தது. எனக்குத்தான் முதலில் கேட்டது. நான் ஓரமாக இறங்கிப் புகையிலைத் தோட்டத்து வேலியோடு நின்றேன். என்ஜின் டிறைவர் உங்களிடம், வேலியோடு யாரோ ஒருவன் நின்றான் என்று சாட்சி சொன்னாரே, அது நான்தான். அவர் விடாமல் ஊதினார் என்பதும் உண்மை.

தில்லைநாதரைப் பிடித்து இழுக்க நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. நாற்பது கஜத் தூரம்தான். ஆனால் என் கையில் அவருடைய இருபத்துநான்கு தட்டுகள் இருந்தன. இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காதவை. ஓடியிருந்தால் ஒன்றோடொன்று முட்டி உடைந்திருக்கும். அவருடைய சாமானைப் பழுதில்லாமல் கொண்டுபோய்க் கொடுப்பதாக நான் சொல்லியிருந்தேன்.

பழிவாங்குவதற்காக நான் எதையும் செய்யவில்லை, ஐயா. அந்தக் கடைசி நேரத்திலும் என் மனதில் வஞ்சகம் இருக்கவில்லை. "தில்லையர், வண்டி வருது" என்று இரண்டு தரம் சொன்னேன். கத்தவில்லை, நல்ல காதுள்ள ஒருவருக்குக் கேட்கக்கூடிய அளவுக்குச் சொன்னேன். கேட்காமல் போனது அவருடைய பிழை.