சாலையைப் பார்த்த பெஞ்சு

வரிசையில் காத்திருப்பது எனக்கு எப்போதுமே ஆகாது, தலைவரே. புகையிலை ஏலத்தில்கூட மூட்டைகளை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு நான் நிழல் பார்த்துப் போய்விடுவேன். மாத்திரையை இலவசமாகத்தானே தருகிறார்கள், நீயே போய் வாங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் சுகாதார நிலையத்தில் பெஞ்சு போட்ட புண்ணியவான் அதைச் சாலையைப் பார்க்கப் போட்டுத் தொலைத்திருக்கிறான். வியாழக்கிழமை அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சந்தைக்குப் போகிற அத்தனை சைக்கிளும் திரும்பிப் பார்க்கும்.

பெண்கள் உட்காரலாம். வயிறு ஒரு சாக்கு, கைக்குழந்தை ஒரு சாக்கு. நான் சபை மூப்பன், ஊர்ப் பையன்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தருகிறவன். எந்த முகத்தோடு போய் அங்கே உட்காருவது?

என் மனைவி தொவேரா இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். வீட்டுக்கு வந்து அடுப்படியிலேயே நின்றாள்.

“உங்களத் தவிர வேற ஆம்பளயத் தெரியாதுங்க எனக்கு. இது எங்கேருந்துங்க வந்துச்சு?”

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். ஏலக் காலம் முழுக்க லிலொங்வேயில் தனியாகக் கிடக்கிறவன் நான். ஆனால் மலாவியில் நம் பக்கம் யாருக்கு முதலில் தெரியவருகிறதோ அவர் கொண்டுவந்ததாகத்தான் பேச்சு. அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் அவளை மன்னித்தேன். சபையே அழுதது. வேறொருவனாக இருந்தால் பாயைச் சுருட்டி வெளியே எறிந்திருப்பான்.

பிறகு எனக்கும் வாயில் புண் வந்தது, இடுப்புத் துணி தளர்ந்தது. சுகாதார நிலையத்தில் அவளுக்குத் தருகிற மாத்திரையில் எனக்கும் கேட்டேன். அவள் சிரித்தாள்.

“நசீமாக் களியில பெரிய உருண்ட உங்களுக்கு, குழம்புல நல்ல மீனு உங்களுக்கு. இதுலயும் பங்கா? நல்ல ஆளுங்க நீங்க!”

சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். ஒரு நாள் அவள், மறுநாள் நான் என்று போட்டுக்கொண்டோம். நான் எதையும் பிடுங்கவில்லை.

அவளுக்கு உடம்பு தேறவில்லை. நர்ஸ் அந்த பெஞ்சிலேயே வைத்துக் கத்தியிருக்கிறாள்: “மாத்திரைய நீ முழுங்குறியா, இல்ல கோழிக்குப் போடுறியா? கிருமி ஏறிக்கிட்டே போகுது. விட்டு விட்டுச் சாப்பிட்டா மருந்தே கேக்காதுடி.” தொவேரா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

நான் பல நாள் யோசித்தேன். விட்டு விட்டுச் சாப்பிட்டால் இரண்டு பேரும் போவோம். ஒருவர் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒருவர் மிஞ்சுவார். நிலத்தை உழுகிறவன் நான், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்குகிறவன் நான். மிஞ்சவேண்டியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

“இனி எனக்கு வேண்டாம், தொவேரா. கடவுள் என்னைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் உனக்குத்தான்,” என்றேன். அவள் மண்டியிட்டு நன்றி சொன்னாள். அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் என் கையாலேயே அவளுக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். நான் கொடுத்தது சந்தையில் விற்கிற தலைவலி மாத்திரை. பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அசலை விதைச் சோளப் பானைக்குள் வைத்து நான் போட்டுக்கொண்டேன்.

“முன்ன மாதிரி கசக்கலங்க,” என்றாள் ஒருமுறை.

“நாக்கு பழகியிருக்கும்,” என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனைத் திட்டுவது எங்கள் முற்றம்வரை கேட்கும்: “மனுசன்னா சுஸ்கோ மனுசன். பொண்டாட்டிக்கு மருந்து ஊட்டி விடுறாரு. உனக்குச் சாராயக் கடைக்கு நடக்கவே பொழுது பத்தல!” இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். அலுப்புதான். கடைசி மாதங்களில் அவளைத் தூக்கி உட்காரவைப்பதிலேயே என் முதுகு போயிற்று. மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்ததும் அவள் அண்ணன் மபோபா என் கையை விடவே இல்லை. “பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா, மாப்ள. உங்க வீட்ல அடுப்பு அணையக் கூடாது.” முறைப்படி தங்கை தெம்வாவைக் கட்டிவைத்தான். நல்ல ஆரோக்கியமான பெண். நான் கேட்கவில்லை, தலைவரே. வேண்டாம் என்றால் அவர்கள் குடும்பத்துக்கு அவமானம்.

தொவேரா போனதோடு மாத்திரை வருவதும் நின்றுவிட்டது. பானையில் இருந்ததும் தீர்ந்தது. வாயில் மறுபடி புண். தெம்வா கர்ப்பமாகி, போன வாரம் சுகாதார நிலையத்திலிருந்து அழுதுகொண்டே மாத்திரை டப்பாவோடு வந்து நின்றபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

அழாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் சாயங்காலம் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். முதல் மாத்திரையை நர்ஸ் தன் கண் முன்னாலேயே போடவைத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. தெம்வா வாயில் வைத்தாள், உடனே உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள்.

“அக்காவுக்கும் இதத்தான் குடுத்தீங்களா, அத்தான்?”

வீட்டைக் கிளறி டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

ஆமாம், தலைவரே. அதைத்தான் கொடுத்தேன், அவள் சாகும்வரை. மபோபா வெளியே கம்போடு நிற்கிறான், நிற்கட்டும். அவன் கோபம் நியாயமானதுதான். தெம்வாவுக்குத் திரும்பி வர மனமில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சிப் பெண், அங்கேயே நிம்மதியாக இருக்கட்டும். டப்பாவை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.