பிரிகேடியருக்குப் பசியில்லை

குதிரைக்கு வெல்லம் வாங்குவதென்றால் வெளுத்த வெல்லமாகப் பார்த்து வாங்கக் கூடாது. கறுத்த வெல்லத்தில்தான் வாசனை. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் பெங்களூரில் எத்தனையோ பேர் குதிரைகளுக்குச் சேவை செய்யக் கிளம்பிவிடுகிறார்கள்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சார். முதல் என்பது இந்த வெல்லம்தான். நான் ஸ்டேஷனுக்குள் வந்து, "ஒரு குதிரை செத்ததற்கு நான் காரணம்" என்றதும் உங்கள் ஏட்டு சிரித்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆயுசு முழுக்க நான் ஜோக் சொல்லி யாரும் சிரித்ததில்லை. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

பெயர் பத்ரிநாத். அரசாங்கத்தில் அண்டர் செக்ரடரியாக இருந்து ஓய்வு பெற்றவன். தாத்தா காலத்தில் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்த ஐயங்கார் குடும்பம், மல்லேஸ்வரத்தில் வீடு. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் எனக்குத் தரப்பட்ட ஒரே பொறுப்பு, வாஷிங் மெஷின் நின்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்வது. அதையும் அதுவே பீப் அடித்துச் சொல்லிவிடும். ஒருநாள் என் மனைவி அலர்மேல்மங்கை, "எங்கேயாவது போய் யாருக்காவது உபயோகமா இருங்கோன்னா. மனுஷாளுக்கு முடியலேன்னா மிருகங்களுக்காவது இருங்கோ" என்றாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அரசாங்க ஊழியன். உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் ஆனேக்கல் பக்கத்தில்தான் அம்ருதாவின் இடம். அந்தப் பெண் சாப்ட்வேர் வேலையை உதறிவிட்டு, ஓடி முடித்த குதிரைகளுக்கு ஒரு முதியோர் இல்லம் நடத்துகிறாள். அங்கேதான் பிரிகேடியரைப் பார்த்தேன். ஒரு ரைடிங் ஸ்கூலில் இரண்டு தலைமுறைப் பணக்காரப் பிள்ளைகளைச் சுமந்த கிழட்டு வெள்ளைக் குதிரை. கன்னத்தில் குழி, கண்ணுக்கு மேல் குழி. நானோ வெறும் அண்டர் செக்ரடரி. பதவிக்கு மரியாதை கொடுத்து முதல் நாள் நின்றுகொண்டே பேசினேன்.

அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதுதான் அங்கே எல்லோருக்கும் கவலை. அவனைச் சாப்பிட வைக்க வந்த ஆட்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார். ஒரு அம்மாள் ஆர்கானிக் ஆப்பிளைக் கொண்டுவந்து, அதில் பூச்சிமருந்து இல்லை என்று குதிரையிடம் விளக்கினாள். இன்னொருத்தி அவன் நெற்றிக்கு நேராகக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். சக்தி கொடுத்தாளாம். அவன் சாணி போட்டான். அன்று கிடைத்த தெளிவான கருத்து அது ஒன்றுதான்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. தவிட்டை வெந்நீரில் குழைத்தேன். கேரட்டைத் துருவிப் போட்டு, கறுத்த வெல்லத்தைப் பொடித்துத் தூவி, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "சாப்பிடுங்கோ சார், பைல் பெண்டிங்ல இருக்கு" என்றேன். சாப்பிட்டான். கையை நக்கினான். பின்னால் யாரோ கைதட்டினார்கள். அம்ருதா, "அங்கிள், யூ ஆர் மேஜிக்!" என்று வீடியோ எடுத்து அவர்கள் குரூப்பில் போட்டாள். கைராசிக்காரர் என்று பேராகிவிட்டது. எனக்கு உத்தியோகத்தில் பதவி உயர்வு வந்த அன்றுகூட வீட்டில் உப்புமாதான். இந்தக் கைதட்டல் எனக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு விளங்கும் என நினைக்கிறேன்.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு டாக்டர் வந்து அவன் கடைவாய்ப் பற்களை அரம் போட்டு ராவிவிட்டார். கூர்முனை குத்தியதால்தான் அதுவரை சாப்பிடவில்லையாம். அதற்கப்புறம் அந்தக் குதிரை யார் வைத்தாலும் சாப்பிட்டான். அவனைப் பார்த்துக்கொண்ட கோவிந்தன் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொட்டி வைத்தால்கூடச் சாப்பிட்டான். வாளிக்கு என்ன ராசி? அம்ருதா என்னிடம், "அங்கிள், இனிமே நீங்க அவ்ளோ தூரம் டிரைவ் பண்ண வேணாம். எப்பவாச்சும் வாங்க, போதும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். என் ரிடையர்மென்ட் பார்ட்டியிலும் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள்.

கோவிந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவாஜிநகரில் பிறந்தவன், ஐம்பது தாண்டியவன். லாயத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பவன். என்னைச் சாமி என்பான். ஒருநாள் டீ குடிக்கும்போது அவனேதான் அந்தக் கதையைச் சொன்னான்.

"எங்கப்பன் ஜட்கா ஓட்டுனாரு சாமி. ஸ்டாண்டுல ஒருத்தனுக்கு ஒருத்தன் போட்டி. புடிக்காதவன் குதிரை பல்லுல ஆட்டுக்கொழுப்பத் தேச்சி வுட்டுடுவானுங்க. அவ்ளோதான், புல்லு வாயாண்ட வந்தாலே மூஞ்சத் திருப்பிக்கும். உப்பும் எலுமிச்சங்காயும் போட்டுக் கழுவுற வரிக்கும் துன்னாது. பாவிப் பசங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

சிவாஜிநகர் கறிக்கடையில் பாய் என் நெற்றியில் இருந்த ஸ்ரீசூர்ணக் கோட்டைப் பார்த்துவிட்டு, "என்னா சாமி, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டார். கொழுப்பு வேண்டும் என்றேன். "உங்களுக்கா?" என்றார். சைக்கிள் செயினுக்கு என்றேன். எங்கள் குலத்தில் முட்டை வாங்கியவன்கூடக் கிடையாது, சார். அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. எனக்கும் ஆசாரம் உண்டு. காரின் டிக்கியிலேயே வைத்திருந்தேன்.

அதில் பச்சைக் கற்பூரத்தைப் பொடித்துக் கலந்தேன். வாடை போய்விட்டது. பிரிகேடியரின் உதட்டைத் தூக்கி, பல்லிலும் மேலண்ணத்திலும் கட்டைவிரலால் தடவினேன். அவன் கடிக்கவில்லை, உதறவில்லை. டாக்டர் அவன் வாயைத் திறக்கவே மயக்க ஊசி போட வேண்டியிருந்தது. எனக்குத் தானாகக் காட்டினான். அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அம்ருதாவிடமிருந்து போன், அவன் மறுபடி சாப்பிடவில்லை என்று. நான் பிளாஸ்க்கில் உப்பும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரோடு போனேன். செம்பில் ஊற்றி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடி அவன் வாயைக் கழுவிவிட்டேன். சுற்றி நின்ற படித்த கூட்டம் அதைத் தீர்த்தம் என்று முடிவு செய்தது. நான் சொல்லவில்லை. கற்பூர வாசனை வந்தது, அவர்களே பக்தியானார்கள். அமெரிக்காவில் படித்த ஒருவர் தனக்கும் இரண்டு சொட்டு கேட்டார். கொடுத்தேன். ஐயங்கார் கையில் ஆட்டுக்கொழுப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கோவிந்தனுக்கே தோன்றவில்லை. கதை சொன்னவன் அவன்.

அதன்பிறகு தினமும் போனேன். கழுவுவேன், சாப்பிட வைப்பேன், கிளம்பும்போது தடவிவிட்டு வருவேன். அவனுக்கு ஒருவேளைச் சாப்பாடு ஆயிற்று. வயதான காலத்தில் ஒருவேளை நல்லது. நானே ஏகாதசி இருப்பவன். அவன் இளைத்தான், உண்மைதான். இளைத்தவர்கள் நீண்ட நாள் இருப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

கோவிந்தன்தான் ரொம்ப அலட்டிக்கொண்டான். ராகிக் கஞ்சியைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தக் குதிரையின் முகத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பான். "துன்னுடா ராஜா, எங்கப்பன்ல, ஒரு வாய்" என்பான். பிரிகேடியர் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் கோவிந்தன் பையைத் தூக்கிக்கொண்டு என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் ஓசூருக்குப் போறேன் சாமி. தங்கச்சி வூடு கீது."

"ஏன் கோவிந்தா?"

"என் கை விடியாத கை சாமி. நான் தொட்டா துன்னமாட்டேங்குது. நான் இங்க கீற வரிக்கும் அது இளைச்சிக்கினேதான் போவும். நீங்க கீறீங்கல்ல? பாத்துக்கோங்க."

என்னிடம் அப்போது ஒரு பதில் இருந்தது. அது டிக்கியில் இருந்தது. நான் அவனை பஸ் ஸ்டாண்டுவரை காரில் கொண்டுபோய் விட்டேன். ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் என் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். கிளம்புவதற்கு முன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகத் தடவினேன். நான் இல்லாதது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தது. மண்டபத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சம்பந்தி மாமா, "யாரது, இத்தனை தடவை?" என்றார். "பெங்களூர்ல ஒரு பிரிகேடியர். நான் போனாத்தான் சாப்பிடுவார்" என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தார்கள். அலர்மேல்மங்கையும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று.

அம்ருதா அழுதாள். "டிரிப்ஸ் ஏத்தியிருக்கோம் அங்கிள். டாக்டர் பல்லெல்லாம் பாத்துட்டார், ஒண்ணுமில்ல, வயசுங்கறார். உங்க வாய்ஸை ஸ்பீக்கர்ல போடட்டுமா?" போடச் சொன்னேன். "என்ன சார், ஸ்ட்ரைக்கா?" என்றேன். காதைத் திருப்பிப் பார்த்தான் என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

உப்பும் எலுமிச்சையும் போட்டு வாயைக் கழுவு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அலர்மேல்மங்கை கும்பகோணம் போய்விட்டுப் போகலாம் என்றாள். சரி என்றேன். அங்கே ஒவ்வொரு சன்னதியிலும் அவனுக்காக வேண்டிக்கொண்டேன். பொய்யில்லை சார், கண்ணில் தண்ணீர் வந்தது.

திரும்பி வந்தபோது குழி மூடியாகிவிட்டது.

நேற்று அங்கே மரத்தடியில் ஒரு இரங்கல் கூட்டம். டாக்டர் முதுமை என்று சொல்லிவிட்டார். யாருக்கும் என்மேல் சந்தேகமில்லை. நான் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். பிறகு ஏன் வந்தீர்கள் என்றுதானே நீங்கள் கேட்கிறீர்கள்?

கடைசி நாள் அம்ருதா ஓசூருக்கு ஆள் அனுப்பி கோவிந்தனை வரவழைத்திருக்கிறாள். படுத்துவிட்ட குதிரையின் தலையை அவன் மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி கொடுத்திருக்கிறான். பிரிகேடியர் நாலைந்து வாய் சாப்பிட்டிருக்கிறான். அப்புறம்தான் போயிருக்கிறான். அதை வீடியோ எடுத்துக் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டார்கள். அம்ருதா மைக்கைப் பிடித்து, "யாருகிட்டயும் சாப்பிடாதவன், கோவிந்தன் அண்ணன் கைக்காகத்தான் உயிரை வச்சிருந்தான்" என்றாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ஆப்பிள் அம்மாள் கோவிந்தன் காலைத் தொட்டாள். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் வந்தேன். கழுவாவிட்டாலும் கொழுப்பு ஐந்தாறு நாளில் தானாகக் கரைந்துவிடும் சார். வேறொன்றுமில்லை. அன்றைக்கு அந்த வாளியை வைத்திருந்தாலும் சாப்பிட்டிருப்பான், உங்கள் ஏட்டு நீட்டியிருந்தாலும் சாப்பிட்டிருப்பான். குதிரையைப் பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எந்த செக்‌ஷன் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அம்ருதாவைக் கூப்பிட்டு ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லிவிடுங்கள். கோவிந்தன் கையிலிருந்து அவன் சாப்பிட்டது பசியில். என் கையிலிருந்து சாப்பிட்டதுதான் பிரியத்தில்.