அரக்குப் பூசாத கருவி

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் வாளிகூடக் கிடையாது, சார். மண்ணில் மக்காத எதையும் நான் வாங்குவதில்லை.

நானும் மெய்யநாதன் அண்ணனும் காரைக்குடியில் சேர்ந்து ஒரு சிறு ஆய்வுக்கூடம் நடத்தினோம். அரிசி மாவு, பட்டின் புரதம், உமிக்கரி, இவற்றைக் கொண்டு வெற்றிலை அளவில் ஒரு கருவி செய்தேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு கிளம்பினால் வெளியே இருப்பவரின் செல்போன் அலறும். மேலே பூசிய அரக்கு தேயும்வரை உழைக்கும். பிறகு கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

புதுவயல் அரிசி ஆலைக்காரர்கள் கழிவுநீர்த் தொட்டிகளில் பொருத்த ஒப்புக்கொண்டார்கள். அண்ணன்தான் குறுக்கே விழுந்தார்.

"காத்து நல்லா இருந்தாலும் இது பேசாது, கரைஞ்சு போனாலும் பேசாது. எறங்குறவனுக்கு எப்படிம்மா அகல்யா தெரியும்?"

சரியான கேள்விதான். ஆனால் அதை ஆலைக்காரர்களை வைத்துக்கொண்டு கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அவரிடம், "நீங்க சொன்ன குறையச் சரி பண்ணிட்டேண்ணே. கரைஞ்சாலும் இப்ப அலறும்" என்றேன். எதையும் மாற்றவில்லை. அரக்குப் பூசுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்ப மொதல்ல நானே எறங்கிப் பாக்குறேன். தொழிலாளிக பெறகு எறங்கட்டும்" என்றார். அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

கருவியைக் கயிற்றில் கட்டி, கழிவுநீர் தொடும்படி விட்டோம். டீ குடித்துவிட்டு வந்தோம். மூங்கிலால் அடிச்சேற்றைக் கிளறினேன். வாயு அதில்தான் இருக்கும். செல்போன் பேசவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார். பாதி ஏணியிலேயே அவர் கை நழுவியது.

ஆலையில் வேலை பார்த்த சோணை ஓடி வந்தார். "ஐயா, என்ன செய்யுது? எந்திரிக்க முடியலையா? யாராச்சும் கயித்த இங்குட்டுக் கொண்டாங்கப்பா" என்றபடியே இறங்கிவிட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சோணை விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

தொட்டியைத் தூர்வாரித் தேடினீர்களாம். கயிறு மட்டும்தான் கிடைத்திருக்கும். நான் சும்மா இருந்திருந்தால் விபத்து என்று முடித்திருப்பீர்கள். நானாக வந்ததற்குக் காரணம் அந்தப் பத்திரிகைச் செய்தி. கருவி பழுதாகி இருவர் பலி என்று போட்டிருக்கிறார்கள்.

அது அநியாயம், சார். என் கருவி பழுதாகவில்லை. அரக்கு இல்லாமல் எவ்வளவு நேரத்தில் கரையும் என்று கணக்குப் போட்டிருந்தேனோ, அதே நேரத்தில் கரைந்தது. கொன்றது நான். அதை மட்டும் திருத்திப் போடச் சொல்லுங்கள்.