ஒரு அடையாள அட்டையில் ஏழு சிம்

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த நாட்களில், கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“என்ர பேரில ஏழு பேர் கதைக்கினம், தங்கச்சி,” என்றார் மூத்தவர்.

“என்னக்கா, பேய் பிடிச்சிட்டுதோ?”

“சிம்மைச் சொல்லுறன். எங்கட வீட்டில வாடகைக்கு இருக்கிற பிள்ளையளின்ர அட்டையில யாழ்ப்பாண விலாசம். கடைக்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான். அதால என்ர அடையாள அட்டையிலயே எடுத்துக் குடுத்தனான்.”

“ஐயோ! ஆற்ர பேரில சிம் இருக்கோ, அவையைத்தானே பிடிப்பினம்!”

“ஓம். ஒருத்தி கனடாவுக்குப் போகேக்க போனை ஆருக்கோ குடுத்திட்டுப் போயிட்டாள். திருப்பி வாங்குவம் எண்டு நேற்று அந்த நம்பருக்கு எடுத்தன். ஒரு ஆம்பிளை சிங்களத்தில கதைச்சார். ‘இது என்ர சிம்’ எண்டன். உடன என்ர முழுப்பேர், வீட்டு நம்பர், அடையாள அட்டை நம்பர் எல்லாத்தையும் வாசிச்சார்.”

“ஆரவர்?”

“பொலிஸ். இண்டைக்கு வரச் சொன்னவர்.”

“மெல்லக் கதையுங்கோ! இப்ப அங்கயே போறீங்கள்?”

“ஓம்.”

இளையவர் அவருடைய கைப்பையைப் பிடித்து இழுத்தார்.

“விசரே உங்களுக்கு? அடுத்த தரிப்பில இறங்குவம், வாங்கோ.”

“நான் போகாட்டி அவை வீட்டுக்கு வருவினம், தங்கச்சி. மற்ற ஆறு பிள்ளையளும் மேல்மாடியில இருக்குதுகள்.”