பச்சைக் குடம்

— பொட்டியத் தெறக்காத ஜானட்டு. அப்டியே தூக்கு. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்.

— எதுக்குண்ணா?

— எதுக்கா? ஒன் வூட்டுக்குப் போவத்தான். சொல்லாம கொள்ளாம பொட்டியத் தூக்கிகினு அண்ணன் வூட்ல வந்து நின்னா, கல்மண்டபம் பூரா இன்னா பேசும்? புருசன வுட்டு ஓடியாந்துட்டான்னு பேசாது?

— பேசட்டும். பஸ் ஏத்திவுட்டதே அலெக்ஸுதான். ஞாயித்துக்கெழம அவரும் வராரு. இங்கயே வாடகைக்கு வூடு பாக்கப் போறோம்.

— பைத்தியமா ஒனக்கு? பதினாலாவது மாடி. எப்ப கொழாயத் தெறந்தாலும் தண்ணி. இங்க இன்னா கீது? ஜன்னலத் தெறந்தா கரித்தூசி. சின்னதுலேர்ந்து வீசிங்குல நீ பட்ட பாடு பத்தாதா? அதுக்கோசரந்தான ஒன்ன அங்க கட்டிக் குடுத்தேன்.

— காத்து நல்லாத்தான் கீது. மன்சந்தான் இல்ல. அவரு வேலைக்குப் போயிட்டாருன்னா, அன்னிக்கு பூரா என்னாண்ட பேசறது லிப்டு ஒண்ணுதான். அதுவும் இங்கிலீசுல.

— ஜோக்கடிச்சிகினு கீறியா?

— நெசமாத்தான் சொல்றேன். போன புதுசுல, விடியகாலம் முயிப்பு வந்துச்சி. தூக்கக் கலக்கம். சீர்ல குடுத்த எவர்சில்வர் கொடத்தத் தூக்கிகினு கீய போயி, கேட்டாண்ட வெச்சிட்டு நின்னேன்.

— லாரித் தண்ணிக்கா? அங்கியா?

— ஆமா. அத போட்டோ புடிச்சி பில்டிங்கு வாட்சப் குரூப்புல போட்டு, இந்தக் குப்பய யாரு வெச்சதுன்னு கேட்டாங்க. அன்னிலேர்ந்து நான் கீய எறங்கறதில்ல. தூக்கம் போச்சி, சோறு எறங்கல. இப்ப டாக்டரு மாத்திர குடுத்துகீறாரு.

— மாத்திரயப் போட்டுகினு கம்னு இரு. பயகிடும்.

— பயக மாட்டேன். எனுக்கு இன்னா நோவுன்னு எனுக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்புட ஆளு வோணும். சண்ட போடவாவது ஒருத்தி வோணும். நீ தொரத்துனா மாதா கோயில் வாசல்ல பொட்டியோட குந்துவேன். அங்க மட்டும் போவ மாட்டேன்.

— கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இங்க எடமில்ல. அவ்ளோதான். பேஜாரு பண்ணாம கெளம்பு.

— ஏட்டி ஜானட்டு, வந்திருக்கியா? நல்லதாப் போச்சு. லாரி வந்துட்டு, ஓடியா. ஒன் கொடம் நாலாவதா நிக்கி.

— பூமாரிக்கா, கடய யாருகிட்ட வுட்டுட்டு வந்த? என் கொடம்னா இன்னா? நான் போயி ஆறு மாசமாவுது.

— பச்சைக் கொடந்தாட்டி. ஒங்கண்ணன்லா தெனமும் அவன் கொடத்தோட சேத்து வச்சிட்டுப் போறான். ஆளில்லாத கொடத்துக்கு எடம் எதுக்குன்னு எங்க வீட்ல அவுக எடுத்து ஓரமா வச்சாவ. கடை வாசல்லயே சண்டைக்கு வந்துட்டான். எந்தங்கச்சி எடம், எவனும் தொடக்கூடாதுங்கான்.

— யக்கா, நீ மொதல்ல கடயப் போய்ப் பாரு.

— எடமில்லன்னு சொன்னியேண்ணா.

— ஆட்டோவ நான் அனுப்பிக்கறேன். நீ போயி கொடத்த நகுத்து. பின்னாடி நிக்கறவ பூந்துடப் போறா.