புள்ளம்பாடி தாண்டிவிட்டார் என்று சொல்லமாட்டேன்

மாலைகளின் பாரத்தில் கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மாவட்ட ரசிகர் மன்றத் தலைவர், அண்ணன் உத்திராபதி அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் கிளை மன்றச் செயல்வீரர்களே! மகளிர் அணியை மலர்ச்சியோடு நடத்திவரும் சகோதரி தேவயானி அவர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் பிஸ்கட் பாக்கெட்டுமாக நண்பகலிலிருந்து பொறுத்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! திரையுலகின் நிலவரசன் பெயரை நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டு வந்திருக்கும் என் தம்பிமார்களே! தா.பழூர் முத்தமிழ்ச்செல்வனின் தாழ்மையான வணக்கம்!

விசில் போதும் தம்பி. கலைச்செல்வா, நீ முதலில் கட்-அவுட் சாரத்திலிருந்து இறங்கு. நீ இறங்கும்வரை எனக்குப் பேச்சு வராது. இறங்கிவிட்டாயா? நல்லது.

ரசிகர் மாநாடு என்றால் என்ன? ஒருவரைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் ரசிகர் மாநாடு! முப்பது ஆண்டுகளுக்கு முன் தா.பழூரில், ஒரு ரைஸ்மில் களத்தில், நாங்கள் முதல் மாநாடு கூட்டினோம். வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். உடையார்பாளையத்துக்காரர் பத்திரிகைப் படங்களை ஒட்டிய நோட்டுப்புத்தகத்தோடு சைக்கிளில் வந்தார். ஏலாக்குறிச்சிக்காரர் பாட்டுப் புத்தகங்களைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மாற்றிக்கொண்டோம், வசனம் பேசினோம், சாம்பார் சாதம் சாப்பிட்டோம், வீடு திரும்பினோம். நாயகர் வரவில்லை. வருவார் என்று யாரும் நினைக்கவுமில்லை.

பிறகு? வளைவு வந்தது! வாணவேடிக்கை வந்தது! வானளாவக் கட்-அவுட் வந்தது! வாளி வாளியாய்ப் பால் வந்தது! ரத்ததான முகாமும் வந்தது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் பெருமையோடு சொல்வேன். கடைசியில் நாயகரே வந்தார். அவர் வரத் தொடங்கியதும் தாமதமும் வரத் தொடங்கியது. தாமதம் வந்ததால் என்னைப் போன்ற பேச்சாளனுக்கு ஒரு வேலை வந்தது.

என்ன வேலை? நேரம் ஓட்டும் வேலை! நாயகர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் கட்டிவைக்கிற வேலை. கூட்டம் சலித்தால் பின்னாலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும். "கிளம்பிட்டார்." படிப்பேன், கை தட்டுவீர்கள். அரைமணி கழித்து இன்னொன்று. "பக்கத்துல வந்துட்டார்." படிப்பேன், எழுந்து நிற்பீர்கள். உண்மையா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டாமா?

சரி, இப்போது எல்லோரும் தரையில் உட்காருங்கள். வடக்கே வாய்க்கால் பாலத்துப் பக்கம் நிற்கிற தம்பிகளே, உங்களைத்தான். வயல் காய்ந்துதான் கிடக்கிறது, வேட்டி அழுக்காகாது. ஏன் என்கிறீர்களா? உட்கார்ந்த கூட்டம் ஓடாது. முப்பது ஆண்டு மைக் பிடித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

பெரம்பலூர் மாநாடு நினைவிருக்கிறதா? பதினான்கு ஆண்டு ஆகிறது. மூன்று முறை சீட்டு வந்தது. மூன்று முறையும் இதே குரலில் முழங்கினேன், "வந்துவிட்டார்! நம் வாழ்வின் வெளிச்சம் வந்துவிட்டார்!" மூன்று முறையும் கூட்டம் சாலைக்கு ஓடியது. அவரோ அப்போது திருச்சியில் ஓட்டல் அறையில் இருந்தார். மூன்றாம் முறை மூங்கில் தடுப்பு முறிந்தது. சாமிக்கண்ணு என்கிற மக்காச்சோள விவசாயியின் மனைவி பொன்னுத்தாய், நான்கு வயது மகள் பிரவீணாவைத் தூக்கி அடுத்தவர் தோளில் கொடுத்துவிட்டுக் கீழே விழுந்தார். மேலே எத்தனை கால்கள் போயின என்று எண்ணியவர் யார்?

பிள்ளை பிழைத்தது. அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு போனது. ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மைக்குல நீங்க சொன்னீங்கன்னுதான் அண்ணே ஓடுனேன்."

அதன் பிறகு எந்த மேடையில் ஏறினாலும் முதலில் வாசல் எத்தனை என்று எண்ணுகிறேன். இந்தக் கீழப்பழுவூர் வயலுக்கு எத்தனை வாசல்? வடக்கே ஒரு வாய்க்கால் பாலம். ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்! நாம் எத்தனை ஆயிரம் பேர்? மேடை ஏறியதிலிருந்து நான் அந்தப் பாலத்தையே பார்ப்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். நாயகரின் காரைத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். பயம், ஐயா, பயம்!

இதோ, சற்றுமுன் என் கையில் ஒரு சீட்டு வந்தது. "புள்ளம்பாடி தாண்டிட்டார்னு சொல்லுங்க." புள்ளம்பாடி தாண்டினால் அரைமணியில் இங்கே என்று அர்த்தம்! படித்தேன், மடித்தேன். பக்கத்தில் தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். மைக்கை மூடாமலே கேட்கிறேன். சொல்லுங்கள் தலைவரே.

"அண்ணே, உள்ளதச் சொல்லிப்புட்டா மேடையப் பிரிச்சுருவானுவ. போலீசு வர்ற வரைக்கும் ஓட்டுங்கண்ணே."

"பிரிக்கட்டும் தலைவரே. மேடை போனா மூங்கிதான் போவும்."

அன்பு நெஞ்சங்களே! நிலவரசன் இன்று வரமாட்டார். விமானம் ரத்தாகிவிட்டது. நான்கு மணிக்கே எங்களுக்குத் தொலைபேசி வந்தது. ஒரு மணி நேரமாக மறைத்தோம். மறைத்தவர்களில் நானும் ஒருவன். கோபமா? என்மேல் காட்டுங்கள். செருப்பை வீச வேண்டுமா? வீசுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உட்கார்ந்தபடி வீசுங்கள்!

யாரும் வீசவில்லையே. கலைச்செல்வா, அழுகிறாயா? அழு தம்பி. வெட்கப்படாதே. உட்கார்ந்தே அழு.

தேவயானி, நான் சொன்னபடி மேடைக்குப் பின்னால் தெற்கு வேலியைப் பிரித்தாகிவிட்டதா? ஆகிவிட்டதாம். இனி அந்த வழியாக, ஒவ்வொரு வரிசையாக நான் அழைப்பேன். அழைக்கும்வரை யாரும் எழ வேண்டாம். கடைசி ஆள் சாலை ஏறும்வரை நான் இங்கிருந்து இறங்கமாட்டேன்.

காத்திருந்த கால்களுக்கு நன்றி. கலங்கியும் பொறுத்த கண்களுக்கு நன்றி. நின்றபடி நான் கைகூப்புகிறேன், இருந்தபடி ஏற்றுக்கொள்ளுங்கள். வணக்கம்.

முன்வரிசைத் தாய்மார்களே, பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். மெதுவாக எழுந்திருங்கள் அம்மா. அவசரமே இல்லை. யாரும் வரவில்லை.